பேரேட்டில் நிற்கும் பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசையைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேச நம்மிடையே வல்லோர் பலர் உண்டு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சற்று வறட்சியானது. நர்சு வேலைக்குப் படித்த நம் பிள்ளைகள் மாநில நர்ஸிங் கௌன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்வது எவ்வாறு, பதிந்த பெயரை இழவாமற் காப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். வறட்சியான பொருள்தான், எனினும் நம் காலனியில் பல குடும்பங்களின் சோறு இதில் அடங்கியிருக்கிறது. காரியாலயத்தில் நாளெல்லாம் பேரேடுகளோடு பழகும் நமக்கு, ஒரு பெயர் பேரேட்டில் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வேற்றுமை நன்கு தெரியும். அந்த உரிமையிலேயே பேசத் துணிந்தோம்.

நம் வீடுகளில் நடப்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், சொந்த ஊரில் பாட்டி வீட்டிலோ விடுதியிலோ தங்க வைத்து, திருச்சியிலோ நாகர்கோவிலிலோ நர்ஸிங் படிக்க வைக்கிறோம். சேமநிதியிலிருந்து கடன் வாங்குகிறோம். அவள் தேறுகிறாள், தமிழ்நாட்டுக் கௌன்சிலில் பதிவும் செய்துகொள்கிறாள். பின்னர் நம்மிடம் திரும்பி வருகிறாள். அல்லது இங்கு உத்தியோகத்திலிருக்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். வந்த இடம் மராட்டிய மாநிலம், பதிவோ தமிழ்நாட்டில். “பதிவை மாற்றிக்கொண்டு வா” என்கிறது பெரிய ஆஸ்பத்திரி. சிறிய நர்ஸிங் ஹோமோ எதுவும் கேட்பதில்லை; உடனே சேர்த்துக்கொண்டு வார்டு ஆயாவின் சம்பளத்தைக் கொடுக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பு ஆயா சம்பளத்தில் கரைகிறது. இந்த அவல நிலையைத் தவிர்க்க இயலும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

நோய் தீர்க்கும் கலைக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணி செய்வோனையும் நான்காவது உறுப்பாகச் சேர்த்தார். இவ்வளவு உயர்ந்த இடத்தில் வைக்கத்தக்கவரை, வெள்ளையுடை அணிந்த எவரும் நர்சுதான் என்று விட்டுவிடலாகாது அன்றோ? அதற்காக ஏற்பட்டதே பதிவு.

இத்துறையில் தமிழர் பெருமைப்படத்தக்க வரலாறும் உண்டு. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கென 1926-இல் சட்டம் செய்து, இந்நாட்டில் இதற்கு வழிகாட்டியது சென்னை மாகாணம். வங்காளத்தில் 1934-லும் பம்பாய் மாகாணத்தில் 1935-லும் அத்தகைய சட்டங்கள் பிறந்தன. நாடு முழுமைக்கும் கல்வித்தரம் ஒன்றாக இருக்கவேண்டி இந்திய நர்ஸிங் கௌன்சில் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. நாம் வாழும் மராட்டியத்திற்கெனத் தனிச் சட்டம் 1966-இல் வந்தது. அதன்படி அமைந்த மகாராஷ்டிர நர்ஸிங் கௌன்சிலின் அலுவலகம் மும்பையில் இருக்கிறது. நான்காண்டுப் பட்டப்படிப்பை 1946-இல் இந்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய இரண்டு ஊர்களுள் ஒன்று டில்லி. மற்றொன்று நம் வேலூர்.

இனி விஷயத்திற்கு வருவோம். தேர்ச்சிச் சான்றிதழ் வேறு, பதிவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதிலேயே பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. “இவள் படித்துத் தேறினாள்” என்று சொல்வது சான்றிதழ். “இவள் நர்சாகப் பணி செய்யலாம்” என்று சொல்வது பதிவு. முன்னது பள்ளியோ பல்கலைக்கழகமோ தருவது. பின்னது மாநிலக் கௌன்சில் தருவது. ரயில்வே பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட் பதவிக்கு ஆள் எடுக்கும்போதும் படிப்பைக் கேட்பதோடு நிற்பதில்லை. பதிவு பெற்ற நர்சாகவும் மருத்துவச்சியாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது.

பதிவுக்கு உரிய படிப்புகள் எவை? ஏ.என்.எம். எனப்படும் துணைநர்சுப் படிப்பு 2 ஆண்டுகள். ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 ஆண்டுகள். இவை பெண்களுக்கு மட்டும் உரியவை என எண்ண வேண்டா, ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. படிப்புகளில் ஆண்மக்களும் சேர்ந்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் கடைத்தெரு மாடிகளில் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் நர்ஸிங் கற்பிப்பதாக விளம்பரப் பலகை தொங்குகிறதே, அந்தப் படிப்பைக் கொண்டு நர்சு என்று பதிவு செய்துகொள்ள முடியாது. உதவியாளராக வேலை கிடைக்கலாம், நர்சாக முடியாது. இதை அறியாமல் பணம் கட்டியவர்கள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள்.

முறையான பெயர் கொண்ட படிப்பாயினும், அந்நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சேருமுன்னரே விசாரித்தறிய வேண்டும். மாநிலக் கௌன்சிலும் இந்திய நர்ஸிங் கௌன்சிலும் வெளியிடும் பட்டியலில், நம் பிள்ளை சேரும் ஆண்டிற்கு அப்பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்ற ஆண்டுப் பட்டியல் இவ்வாண்டுக்கு உதவாது. அண்டை மாநிலமான மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அங்குள்ள நர்ஸிங் கல்லூரிகளை ஆராய்ந்தனர். தகுதியற்ற கல்லூரிகள் பல இருந்தமை 2024-இல் வெளிப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் தேர்வுகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. குற்றம் கல்லூரியுடையது, காலம் இழந்தவர்களோ மாணவிகள். சேரும் நாளில் ஒரு மணி நேரம் விசாரிப்பது பின்னர் நான்கு ஆண்டுகளைக் காக்கும்.

அடுத்தது பெயர். இது தமிழர்க்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. இங்குள்ள விண்ணப்பத் தாள்களோ தன் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களைக் காட்டி நிற்கின்றன. மூன்றாவது கட்டத்தில் ஒருவர் ஊர்ப்பெயரை எழுதுகிறார். ஒருவர் தகப்பன் பெயரை எழுதுகிறார். ஒருவர் கோடு போட்டுவிடுகிறார். சுந்தரம் என்பவரின் மகள் வள்ளியம்மை என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “வள்ளியம்மை எஸ்”, பட்டயத்தில் “எஸ். வள்ளியம்மாள்”, ஆதாரில் “வள்ளியம்மை சுந்தரம்”, மணமான பின்னர் வங்கிக் கணக்கில் “வள்ளியம்மை முருகேசன்”. நால்வரும் ஒருத்தியே என்பது நமக்குத் தெரியும். பேரேட்டுக்குத் தெரியாது. சர்வீஸ் புத்தகத்தில் ஓர் எழுத்து பிறழ்ந்ததால் பென்ஷன் நின்ற கதைகளை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே.

ஆகவே பெற்றோர் செய்யவேண்டியது இது: பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே, பிள்ளையின் பெயர் வாழ்நாள் முழுதும் எவ்வாறு இருக்கவேண்டுமோ அவ்வாறு எழுதிக் கொடுங்கள். மற்ற ஆவணங்களை அதற்கு ஒத்திருக்கச் செய்யுங்கள். மணமான பின்னரும் தொழிற்பதிவில் பழைய பெயரே நிலைத்திருப்பதில் குற்றமில்லை. மாற்றத்தான் வேண்டுமெனில், திருமணச் சான்றிதழும் அரசிதழ் அறிவிப்பும் கொண்டு முறைப்படி மாற்றி, கௌன்சிலிலும் பதிவு செய்யுங்கள். பாதி ஆவணங்களில் மாற்றி, பாதியில் மாற்றாமல் விடுவதுதான் பெருந்தொல்லை.

மூன்றாவது, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குப் பதிவை மாற்றுதல். நமக்கு டிரான்ஸ்பர் உத்தரவு வந்தால் என்ன நடக்கிறது? சர்வீஸ் புத்தகம் பின்னால் வருகிறது. கடைசிச் சம்பளச் சான்று வருகிறது. விடுப்புக் கணக்கும் வருகிறது. அவை வந்து சேரும்வரை புதிய காரியாலயம் நம்மைப் பாதி மனிதராகவே நடத்துகிறது. நர்சின் பதிவும் அவ்வாறே பின்னால் வரவேண்டும். ஆனால் அது தானே வராது. அவளே வரவழைக்க வேண்டும். முதலில் பதிந்த கௌன்சிலுக்கு விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். அந்தக் கௌன்சில், “இவர் எம் பேரேட்டில் உள்ளவர், இவர்மீது குற்றம் இல்லை” என்று சரிபார்த்துத் தெரிவித்த பின்னரே, புதிய மாநிலக் கௌன்சில் தன் பேரேட்டில் சேர்த்துக்கொள்ளும். மதிப்பெண் பட்டியல்கள், பட்டயம் அல்லது பட்டம், முதற்பதிவுச் சான்று, அடையாளச் சான்று, புகைப்படம் ஆகிய யாவும் தயாராக இருத்தல் வேண்டும். நாடு முழுவதுமுள்ள நர்சுகளை ஒரே கணினிப் பேரேட்டில் சேர்க்க இந்திய நர்ஸிங் கௌன்சில் ஏற்படுத்திய முறையில் ஒவ்வொருவர்க்கும் தனியெண் வழங்கப்பட்டது. அது ஆதாரோடு இணைந்தது. அவ்வெண் பெற்றவர் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

முதற்பதிவு காலாவதியான நிலையில் மாற்றம் கோரினால் காரியம் இருமடங்காகும். ஊரை விட்டுப் புறப்படுமுன் அதைப் புதுப்பித்துக்கொண்டு வருவதே சிறந்தது. “வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிட்டால், ஒரு கையெழுத்துக்காகச் சென்னைக்கு இரண்டு நாள் வண்டியில் போய்வர நேரிடும். பாஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். பாஸ் பயணத்தைத் தரும். இழந்த சம்பளத்தைத் தராது.

இங்கு நியாயமான கேள்வி ஒன்று எழும். “நாடு ஒன்று, நோயும் ஒன்று, தமிழ்நாட்டில் நர்சாக இருந்தவள் மராட்டியத்தில் மட்டும் எப்படி நர்சு அல்லாதவள் ஆகிறாள்?” என்று நம் சகோதரிகள் மனம் நொந்து கேட்கிறார்கள். அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைக்கப்பட்டுள்ளன. நோயாளி ஒருவர் முறையிட நேர்ந்தால், விசாரிக்கும் அதிகாரமுடைய அலுவலகம் அவர் வாழும் மாநிலத்தில் இருக்கவேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் அங்கீகாரம் பெற்ற தகுதி எந்த மாநிலப் பேரேட்டிலும் சேர்வதற்குப் போதுமான தகுதி என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. ஆகவே பதிவு மாற்றம் என்பது யாரோ காட்டும் தயவன்று, படித்தவளின் உரிமை. இந்நினைவோடு அலுவலகப் படியேறுங்கள். தலைநிமிர்ந்து கேளுங்கள், பணிவோடும் கேளுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

தேசிய நர்ஸிங், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் என்ற புதிய சட்டம் 2023-இல் நிறைவேறியது. பழைய சட்டத்தை நீக்கி, தேசிய அளவில் ஆணையமும் மாநிலந்தோறும் ஆணையமும் அமைத்து, பேரேடுகளைப் பேணுமாறு அது வகுக்கிறது. அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறலாம். விண்ணப்பத் தாளும் மாறலாம். பெயரைப் பதிவதும் காப்பதும் மாறப்போவதில்லை.

இனிக் காப்பதைப் பற்றிப் பேசுவோம். ஒருமுறை பதிந்தால் ஆயுள் முழுதும் போதும் என்னும் எண்ணம் பழங்காலத்தது. மராட்டியத்தில் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டுவது மட்டும் போதாது; தொழிலில் புதியன கற்றதற்குச் சான்றும் வேண்டும். ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்ஸிங் கௌன்சில் வகுத்த அளவு. பெரிய எண்ணாகத் தோன்றுகிறதோ? ஆண்டுக்கு 30 மணி. மாதத்திற்கு இரண்டரை மணி. கௌன்சில் ஏற்றுக்கொண்ட கருத்தரங்குகளிலும் வகுப்புகளிலும் கலந்துகொண்டு, ஒவ்வொன்றிற்கும் சான்று வாங்கிக் கோப்பில் வைத்தால் சுமையே தெரியாது. ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் ஓடினால்தான் மலையாகத் தெரியும்.

“இருபது ஆண்டு அனுபவமுள்ளவளுக்குப் பாடமா?” என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நம் எஞ்சின் ஓட்டுநர்களைப் பாருங்கள். முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவரும் குறித்த காலத்தில் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார். கண் பரிசோதனைக்கு நிற்கிறார். அதை அவர் அவமானமாக எண்ணுவதில்லை. பின்னால் ஆயிரம் பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அவர் அறிவார். நர்சின் கையிலும் உயிர்கள் இருக்கின்றன. மருந்தின் அளவுகள் மாறுகின்றன, கருவிகள் மாறுகின்றன, தொற்றைத் தடுக்கும் முறைகளும் மாறுகின்றன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது, காப்புடையை எப்படி அணிவது, எப்படிக் கழற்றுவது என்பதை மூத்த நர்சுகளும் புதிதாகவே கற்றார்கள். அக்கல்வியே அவர்களையும் நம்மையும் காத்தது.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பிள்ளைப்பேற்றுக்காகவும், மாமியார் மாமனாரைப் பேணுவதற்காகவும் வேலையை விட்டவர்கள் நம்மிடையே அநேகர். வேலையை விடுங்கள், பதிவை விடாதீர்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்குப் போக மனம் வரும். அல்லது குடும்பத்தில் எதிர்பாராத இழப்பு நேர்ந்து, போயே ஆகவேண்டிய நிலையும் வரும். அந்நாளில் காலாவதியான பதிவை உயிர்ப்பிக்க அலைவது எவ்வளவு துன்பம்! நகையை அடகு வைத்தால் மீட்கிறோம்; தவணை தவறாமல் காப்புறுதிக்குப் பணம் கட்டுகிறோம். மனைவியின் பதிவும் குடும்பத்தின் காப்புறுதியே. கணவன்மார்கள் இதை அவர்தம் சொந்தக் காரியம் என்று ஒதுக்காமல், புதுப்பிக்கும் மாதத்தை நாட்காட்டியில் தம் கையால் குறித்து வைக்கவேண்டும்.

மற்றும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அசல் சான்றிதழ்களை எந்த ஆஸ்பத்திரியிலும் ஒப்படைத்து விடாதீர்கள். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையிலும் டில்லியிலும் தனியார் மருத்துவமனை நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சான்றிதழ்களைப் பிடித்து வைத்தது அவர்களுடைய பெரிய முறையீடு. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். இரண்டாவது, உங்கள் பதிவுச் சான்றைப் பிறர்க்கு இரவல் தராதீர்கள். சோதனைக்கு ஆள் வரும் நாளில் பெயரை மட்டும் காட்டிக்கொள்வதாகச் சொல்லிப் பணம் தர வருவார்கள். நாளை அங்கு ஒரு தவறு நிகழ்ந்தால் பொறுப்பேற்கும் பெயர் உங்களுடையதாக இருக்கும். குற்றம் நிலைநாட்டப்பட்டால் பேரேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் கௌன்சிலுக்கு உண்டு.

பதிவால் வரும் பயன் என்ன என்று கேட்பீர்கள். தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியத்தை ஆராய 2016-இல் உச்சநீதிமன்றம் வழிசெய்தது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் மாநில அரசு நர்சுகளுக்கு ஒப்பான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை யாவும் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை என்பதை நாம் அறியாமலில்லை. ஆயினும், அந்த ஊதியத்தைக் கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். பேரேட்டில் பெயருள்ளவளே “நான் நர்சு, ஆயா சம்பளம் எனக்குத் தகாது” என்று வாய் திறந்து கேட்க முடியும். வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கும் அவ்வாறே; அங்குள்ளவர்கள் இங்குள்ள கௌன்சிலிடம் கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

நிறைவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலகத்தில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைப்போம். காலனியிலுள்ள நர்சுகள், படிப்பவர்கள், படித்து வீட்டிலிருப்பவர்கள் ஆகியோர் விரும்பினால் அதில் பெயரையும், எந்த மாநிலத்தில் பதிவு என்பதையும், புதுப்பிக்க வேண்டிய மாதத்தையும் எழுதட்டும். அம்மாதத்திற்கு மூன்று மாதம் முன்னதாகச் செயலாளர் நினைவூட்டட்டும். ஓய்வு பெற்ற மூத்த நர்சுகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து, விண்ணப்பம் நிரப்புவோர்க்கு உதவட்டும். கணினி அறிந்த இளைஞர்கள் உடனிருக்கட்டும். இதற்கு நன்கொடை வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தின் விலையும் சிறிது பொறுமையும் போதும்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, இங்கு நிலம் இல்லை. பரம்பரை வீடு இல்லை. குவார்ட்டர்ஸும் ஓய்வு பெறும்வரைதான். பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய சொத்து கல்வியே. அக்கல்வி எந்த மாநிலத்திற்குப் போனாலும் செல்லுபடியாகவேண்டுமானால் அவர்கள் பெயர் பேரேட்டில் நிற்கவேண்டும். நிற்கச் செய்வோம்.